ஆர்கானிக் பீர்: கிளாஸில் 90 சதவீதம் தண்ணீர்... அதை யார் கணக்கு பார்ப்பது?

வெள்ளிக்கிழமை ஆபீஸ் முடிந்ததும் பெங்களூரு இந்திரா நகர் பக்கம் ஒரு டேபிள் பிடிப்பது, சனிக்கிழமை காலை ரயிலேறி ஊருக்கு வருவது. குடியாத்தம், ஆம்பூர், வாணியம்பாடியில் இருந்து ஐ.டி. வேலைக்குப் போன பலருக்கு இது பழகிப்போன வாரக்கடைசி. சென்னை - பெங்களூரு ரயில் பாதையில்தான் குடியாத்தம் ஸ்டேஷனும் இருக்கிறது.

அந்த டேபிளில் வைக்கப்படும் மெனு கார்டில் சில வருடங்களாகப் புதுப்புது வார்த்தைகள் எட்டிப் பார்க்கின்றன. கிராஃப்ட், ஸ்மால் பேட்ச், நேச்சுரல், ஆர்கானிக். அரிசியிலும் காய்கறியிலும் பார்த்துப் பழகிய 'ஆர்கானிக்' பீருக்கு எப்படி வந்தது? அந்த வார்த்தை எதற்கு உத்தரவாதம் தருகிறது, எதற்குத் தரவில்லை?

இந்தக் கேள்வியைக் கேட்க தோல் தொழில் ஊர்க்காரர்களுக்குக் கூடுதல் காரணம் ஒன்று இருக்கிறது. அதற்கு முன் அடிப்படையைப் பார்த்துவிடலாம்.

கிராஃப்ட் பீர் என்றால் என்ன?

பீரில் இருப்பது நாலே பொருள்: தண்ணீர், முளைகட்டி உலர்த்திய பார்லி (மால்ட்), ஹாப்ஸ் என்ற கொடியின் பூ, ஈஸ்ட். மால்ட்டை வெந்நீரில் ஊறவைத்தால் அதிலுள்ள மாவுச்சத்து சர்க்கரையாக மாறும். அந்தச் சாற்றில் ஹாப்ஸ் போட்டுக் கொதிக்க வைத்தால் கசப்பும் மணமும் சேரும். ஆறவைத்து ஈஸ்ட் சேர்த்தால், அது சர்க்கரையைத் தின்று ஆல்கஹாலையும் கரியமில வாயுவையும் தரும். இட்லி மாவு பொங்குவதும் நொதித்தல்தான். வேலை செய்யும் நுண்ணுயிர்கள்தான் வேறு.

பெரிய ஆலைகள் இதையே லட்சக்கணக்கான லிட்டர் அளவில், எங்கே வாங்கினாலும் ஒரே ருசி வரும்படி செய்கின்றன. சின்ன அளவில், ருசியில் வித்தியாசம் காட்டிச் செய்வதற்குத்தான் கிராஃப்ட் என்று பெயர். பப்பிலேயே தொட்டி வைத்துத் தயாரித்து அங்கேயே ஊற்றித் தந்தால் அது மைக்ரோ புரூவரி. 2009-ல் புனேயில் தொடங்கிய டூலாலி இந்தியாவின் முதல் மைக்ரோ புரூவரியாக அறியப்படுகிறது. 2010-ல் பெங்களூருவில் டாய்ட் வந்தது. அதன் பிறகு அந்த நகரமே நாட்டின் கிராஃப்ட் பீர் தலைநகர் மாதிரி ஆகிவிட்டது.

கவனிக்க வேண்டிய விஷயம், 'கிராஃப்ட்' என்பதற்கு எல்லா நாட்டுக்கும் பொதுவான சட்ட விளக்கம் கிடையாது. அமெரிக்காவின் புரூவர்ஸ் அசோசியேஷன் தன் உறுப்பினர்களுக்காக ஒரு வரம்பு வைத்திருக்கிறது. வருடத்துக்கு 60 லட்சம் பேரல் வரை தயாரிக்கலாம். லிட்டரில் சொன்னால் சுமார் 70 கோடி! அந்த அளவுக்குள் இருந்தால் அங்கே 'சின்ன' கம்பெனி. ஆக, கிராஃப்ட் என்ற வார்த்தை தயாரிப்பாளரின் பாணியைச் சொல்லும். அது தரச் சான்றிதழ் ஆகாது.

'ஆர்கானிக்' அப்படியில்லையா?

இல்லை. இதற்குச் சட்டம் இருக்கிறது. இந்தியாவில் ஆர்கானிக் என்று சொல்லி உணவுப் பொருளை விற்க, உணவுப் பாதுகாப்பு மற்றும் தர நிர்ணய ஆணையம் 2017-ல் விதிமுறை கொண்டுவந்தது. தேசிய இயற்கை உற்பத்தித் திட்டத்தின் மூன்றாம் நபர் சான்றிதழ் வாங்கலாம். அல்லது விவசாயிகள் குழுவாகச் சேர்ந்து ஒருவரை ஒருவர் சரிபார்க்கும் பி.ஜி.எஸ். முறையில் வரலாம. பாக்கெட்டில் பச்சை நிற 'ஜைவிக் பாரத்' முத்திரையைப் பார்த்திருப்பீர்கள், அதுதான்.

பீருக்கு இதைப் பொருத்தினால், பார்லி வயலில் செயற்கை உரமும் ரசாயனப் பூச்சிக்கொல்லியும் போட்டிருக்கக் கூடாது. ஹாப்ஸ் தோட்டத்துக்கும் அதே நிபந்தனை. மரபணு மாற்றிய பொருள் எதுவும் கூடாது. வயல் முதல் மூட்டை வரை ஆவணம் இருக்க வேண்டும்.

பார்லிகூடப் பரவாயில்லை, ஹாப்ஸ்தான் தலைவலி. பூஞ்சையும் அசுவினியும் சுலபமாகத் தாக்கும் கொடி அது. குளிர் பிரதேசத்தில்தான் வளரும். இந்தியாவில் இமாச்சலப் பிரதேசத்தின் லாஹௌல் பள்ளத்தாக்கில் கொஞ்சம் விளைகிறது. மற்றபடி பெரும்பாலும் இறக்குமதிதான். ஆர்கானிக் ஹாப்ஸ் போதிய அளவு கிடைக்காததால் அமெரிக்காவிலேயே ரொம்ப நாள் ஒரு சலுகை இருந்தது. சாதாரண ஹாப்ஸ் போட்டாலும் 'ஆர்கானிக் பீர்' என்று எழுதிக்கொள்ளலாம். 2013 ஜனவரி 1 முதல்தான் அந்தச் சலுகை நீங்கியது.

அப்போ 100 சதவீதம் ஆர்கானிக்கா?

இங்கேதான் ட்விஸ்ட். ஒரு பொருளை ஆர்கானிக் என்று அழைக்க, அதன் மூலப்பொருட்களில் பொதுவாக 95 சதவீதம் ஆர்கானிக்காக இருக்க வேண்டும். அந்தச் சதவீதத்தைக் கணக்கிடும்போது இரண்டு பொருட்களை ஒதுக்கிவிடுவார்கள். ஒன்று, சேர்க்கப்படும் தண்ணீர். இன்னொன்று, உப்பு. அமெரிக்கா, ஐரோப்பிய ஒன்றியம், இந்தியா என எல்லா இடத்திலும் இதே வழக்கம்தான்.

காரணம் நியாயமானதுதான். ஆர்கானிக் சான்றிதழ் என்பது விவசாய முறைக்கான சான்று. தண்ணீரும் உப்பும் வயலில் விளைவதில்லை. ஊறுகாயிலோ பிஸ்கட்டிலோ இது பெரிய விஷயமாகத் தெரியாது. ஆனால் பீரில் 90 சதவீதத்துக்கும் மேல் தண்ணீர்தான்! அதாவது, கிளாஸின் பெரும்பகுதி ஆர்கானிக் கணக்குக்கு வெளியே நிற்கிறது. அந்தத் தண்ணீர் குடிநீர்த் தரத்தில் இருக்க வேண்டும் என்ற பொது விதி உண்டு. எந்த ஆற்றிலிருந்து வந்தது, எவ்வளவு எடுத்தார்கள், கழிவை எங்கே விட்டார்கள் என்பதை லேபிளைப் பார்த்துத் தெரிந்துகொள்ள முடியாது.

தண்ணீரும் உப்பும். தோல் ஷாப்கள் இருக்கும் ஊரில் வளர்ந்தவர்களுக்கு இந்த இரண்டு வார்த்தையும் சேர்ந்து வந்தால் ஞாபகத்துக்கு வருவது பாலாறுதான்.

பாலாற்றுக்கும் பீருக்கும் என்ன சம்பந்தம்?

நேரடியாக எதுவுமில்லை. ஆனால் 'தண்ணீரைக் கணக்கில் சேர்க்காவிட்டால் என்ன ஆகும்' என்ற கேள்விக்கு வேலூர் - ஆம்பூர் பெல்ட்டை விடத் தெளிவான பதில் தமிழகத்தில் கிடையாது.

பச்சைத் தோல் அழுகாமல் இருக்க உப்பு தடவித்தான் தோல் ஷாப்புக்கு வரும். முதல் வேலையே அதை ஊறவைத்து உப்பை வெளியேற்றுவது. பிறகு சுண்ணாம்பு, குரோமியம், சாயம் என்று ஒவ்வொரு கட்டத்திலும் தண்ணீர். ஒரு கிலோ தோலைப் பதனிட சுமார் 35 லிட்டர் தண்ணீர் ஆகிறது என்று உச்ச நீதிமன்றத் தீர்ப்பிலேயே பதிவாகி இருக்கிறது. அந்தத் தண்ணீர் பல வருடங்கள் சுத்திகரிக்கப்படாமல் பாலாற்றிலும் அதன் கிளைகளிலும் வயல்களிலும் கலந்தது.

வேலூர் குடிமக்கள் நலப் பேரவை தொடுத்த வழக்கில் 1996 ஆகஸ்ட் 28-ல் உச்ச நீதிமன்றம் தந்த தீர்ப்பு, சட்டக் கல்லூரிகளில் இன்றும் பாடம். தோல் தொழில் பகுதியில் சுமார் 35,000 ஹெக்டேர் விவசாய நிலம் ஓரளவோ முழுமையாகவோ பயிருக்கு லாயக்கற்றுப் போனதாக அதில் சொல்லப்பட்டது. 'மாசு செய்தவரே செலவை ஏற்க வேண்டும்' என்ற கோட்பாடும், 'ஆபத்து வரும் முன்பே தடுக்க வேண்டும்' என்ற கோட்பாடும் இந்தியச் சட்டத்தின் பகுதி என்று அந்தத் தீர்ப்பு அறிவித்தது. அதன்படி அமைக்கப்பட்ட ஆணையம் இழப்பீட்டுக்கு உரியவர்களாகக் கண்டறிந்தது சுமார் 29,000 பேரை. ஆனாலும் பிரச்சினை முடியவில்லை. 2025 ஜனவரி 30-ல் உச்ச நீதிமன்றம் மறுபடியும் இதே பாலாறு விவகாரத்தில் தீர்ப்பு சொல்ல வேண்டி வந்தது.

தோல் தொழிலும் சும்மா இருந்துவிடவில்லை. ஆம்பூர், வாணியம்பாடி, பேரணாம்பட்டு பகுதிகளில் பொதுச் சுத்திகரிப்பு நிலையங்கள் வந்தன. கழிவுநீரை ஆர்.ஓ. சவ்வில் வடிகட்டி மறுபடி பயன்படுத்துவது, மிஞ்சுவதை ஆவியாக்கி உப்பாகப் பிரிப்பது என்ற முறை நடைமுறைக்கு வந்தது. ஆனால் பிரித்தெடுத்த அந்தக் கலப்பு உப்பை என்ன செய்வது என்பது இன்னொரு தலைவலி. வேறு எதற்கும் பயன்படாது, கொட்டவும் முடியாது.

தோல் தொழில் பல்லாயிரம் குடும்பங்களுக்குச் சோறு போடுகிறது என்பதும் உண்மை. ஏற்றுமதியாகும் ஷூவின் விலையில் பாலாற்றுத் தண்ணீரின் விலை பல வருடங்கள் சேர்க்கப்படவே இல்லை என்பதும் உண்மை. ஆர்கானிக் பீர் லேபிளில் தண்ணீர் விடுபட்டிருப்பதை இந்த ஊர்க்காரர்கள் சாதாரணமாகக் கடந்துபோக முடியாது என்பது இதனால்தான்.

தண்ணீர் மாறினால் ருசி மாறுமா?

கண்டிப்பாக. பீர் வரலாறே ஒரு வகையில் தண்ணீரின் வரலாறுதான்.

செக் நாட்டின் பில்சன் நகரத் தண்ணீரில் தாதுக்கள் மிகக் குறைவு. 1842-ல் அங்கே பிறந்த மெல்லிய, பொன்னிற பீர்தான் 'பில்ஸ்னர்'. இன்று உலகம் முழுக்க அதிகம் குடிக்கப்படும் லாகர் பீர்களுக்கு அதுவே மூதாதை. இங்கிலாந்தின் பர்டன் நகர நிலத்தடி நீரில் ஜிப்சம் அதிகம். அந்த சல்ஃபேட் ஹாப்ஸின் கசப்பைத் தூக்கிக் காட்டும். அந்த ஊர் பேல் ஏல் புகழ்பெற்றதற்கு அதுவும் ஒரு காரணம். டப்ளின் தண்ணீரில் பைகார்பனேட் அதிகம், அது கருக வறுத்த மால்ட்டின் புளிப்போடு சமன் ஆகும். எனவே அங்கே கருப்பு ஸ்டவுட் செழித்தது.

உப்பில் இருக்கும் குளோரைடு, அளவாக இருந்தால் பீருக்கு ஒரு திரட்சியைத் தரும். கூடினால் கரிக்கும். ஜெர்மனியின் லைப்சிக் பக்கம் 'கோசே' என்று ஒரு பழைய பீர் வகை உண்டு. அதில் உப்பும் தனியாவும் வேண்டுமென்றே சேர்ப்பார்கள். புளிப்பும் உப்புமாக மோர் மாதிரி இருக்கும்.

குடிநீருக்கான இந்தியத் தரநிலை, கரைந்துள்ள மொத்த உப்புகளுக்கு லிட்டருக்கு 500 மில்லிகிராம் என்ற அளவை ஏற்கத்தக்கதாக வைத்திருக்கிறது. வேறு தண்ணீரே இல்லாத இடத்தில் 2,000 வரை அனுமதி. குரோமியத்துக்கு வரம்பு 0.05 மில்லிகிராம்தான். போர் தண்ணி கரிக்குது என்று வாட்டர் கேனுக்கு மாறிய வீடுகளுக்கு இந்த எண்களின் அர்த்தத்தை யாரும் விளக்க வேண்டியதில்லை.

இன்றைய மைக்ரோ புரூவரிகள் பொதுவாக ஊர்த் தண்ணீரை அப்படியே பயன்படுத்துவதில்லை. ஆர்.ஓ. மூலம் தாதுக்களை நீக்கிவிட்டு, எந்த வகை பீரோ அதற்கேற்ப ஜிப்சம், கால்சியம் குளோரைடு சேர்த்துக்கொள்கிறார்கள். பில்சன் தண்ணீரைப் பெங்களூருவிலேயே 'உருவாக்கி'விடலாம். ஆனால் ஆர்.ஓ. என்றால் கழித்துவிடும் தண்ணீரும் உண்டு. தொட்டி கழுவ, குளிர்விக்க என்று இன்னும் தேவைப்படும். நன்றாக நடக்கும் பெரிய ஆலைகளில் ஒரு லிட்டர் பீருக்கு 3 முதல் 4 லிட்டர் வரை தண்ணீர் செலவாகிறது. சின்ன இடங்களில் இது பெரும்பாலும் கூடும். 'சின்னது' என்பதாலேயே தண்ணீருக்கு நல்லது என்று சொல்லிவிட முடியாது.

பெங்களூரு பீரிலும் குடியாத்தம் குழாயிலும் ஒரே ஆறா?

ஆமாம். நிலத்தடி நீர் கைவிட்ட வேலூர், ஆம்பூர், குடியாத்தம் பகுதிகளுக்குக் காவிரி கூட்டுக் குடிநீர்த் திட்டம் மூலம் மேட்டூர் பக்கமிருந்து தண்ணீர் வருகிறது. பெங்களூருவும் சுமார் 100 கிலோமீட்டர் தொலைவில் இருந்து காவிரியைத்தான் மேலேற்றிக் குடிக்கிறது. அதன் ஐந்தாம் கட்டத் திட்டம், நாளொன்றுக்கு 77.5 கோடி லிட்டர், 2024 அக்டோபரில் தொடங்கி வைக்கப்பட்டது.

அதே 2024 கோடையில்தான் பெங்களூருவில் போர்வெல்கள் வறண்டு, டேங்கர் லாரிக்கு மக்கள் காத்துக் கிடந்தார்கள். குடிநீரில் கார் கழுவினால் 5,000 ரூபாய் அபராதம் என்று குடிநீர் வாரியம் அறிவித்தது. அந்த மாதங்களில் கிளாஸில் வந்த ஒவ்வொரு பீருக்கும் பின்னால் சில லிட்டர் தண்ணீர் இருந்தது. அந்த பீரின் பார்லி ஆர்கானிக்கா என்பது அந்தக் கோடையில் இரண்டாவது கேள்விதான்.

தண்ணீரையும் சேர்த்து யோசித்தவர்கள் யாருமே இல்லையா?

இருக்கிறார்கள். 1516-ல் ஜெர்மனியின் பவேரியாவில் வந்த புகழ்பெற்ற பீர் தூய்மைச் சட்டம் பார்லி, ஹாப்ஸ், தண்ணீர் என்று மூன்றை மட்டும் அனுமதித்தது. ஈஸ்ட் ஒரு நுண்ணுயிர் என்று அப்போது யாருக்கும் தெரியாது. தண்ணீருக்கு அந்தப் பட்டியலில் இடம் இருந்தது.

அதே பவேரியாவில் நொய்மார்க்ட் ஊரைச் சேர்ந்த லாம்ஸ்ப்ராய், ஆர்கானிக் பீரில் முன்னோடி நிறுவனம். மால்ட்டையும் ஹாப்ஸையும் ஆர்கானிக்காக மாற்றிய பிறகு, மிச்சமிருந்த தண்ணீரை அது கையில் எடுத்தது. தன் மினரல் வாட்டருக்கே 'பயோ' என்று பெயர் போட்டது. தண்ணீர் எப்படி பயோ ஆகும் என்று வழக்கு வந்தது. 2012 செப்டம்பரில் ஜெர்மனியின் உச்ச நீதிமன்றம் நிறுவனத்துக்குச் சாதகமாகத் தீர்ப்பளித்தது. சாதாரண மினரல் வாட்டரை விடத் தெளிவாகத் தூய்மையாக இருந்தால் அந்தப் பெயர் தகும் என்பது அதன் சாரம்.

நிலத்தடி நீர் சுத்தமாக இருக்க வேண்டுமென்றால் மேலே இருக்கும் வயல் சுத்தமாக இருக்க வேண்டும். வயலில் கொட்டும் உரமும் பூச்சிமருந்தும் ஒருநாள் கிணற்றில் இறங்கத்தான் செய்யும். ஆர்கானிக் விவசாயத்துக்கும் தண்ணீருக்கும் உள்ள உண்மையான தொடர்பு இதுதான். கிளாஸில் இருக்கும் தண்ணீருக்குச் சான்றிதழ் இல்லாவிட்டாலும், ஆர்கானிக் பார்லி விளைந்த ஊரின் கிணற்றுக்கு அதனால் ஒரு நன்மை உண்டு. அந்த அளவில் இந்த லேபிள் வெறும் மார்க்கெட்டிங் இல்லை.

ஆர்கானிக் பீர் உடம்புக்கு நல்லதா?

இல்லை. பீரில் உடம்பைப் பாதிக்கும் முக்கியப் பொருள் ஆல்கஹால். அது ஆர்கானிக் பார்லியிலிருந்து வந்தாலும் ஆல்கஹால்தான். புற்றுநோய் உண்டாக்கும் பொருட்களின் முதல் பிரிவில் ஆல்கஹால் பானங்களை சர்வதேசப் புற்றுநோய் ஆய்வு முகமை 1988-லேயே சேர்த்துவிட்டது. பாதுகாப்பான அளவு என்று எதுவும் இல்லை என்று உலக சுகாதார நிறுவனம் 2023 ஜனவரியில் சொன்னது.

பூச்சிமருந்து எச்சம் பற்றிய பயம்? 2016-ல் மியூனிக்கில் உள்ள ஒரு சுற்றுச்சூழல் அமைப்பு, ஜெர்மனியின் 14 பிரபல பீர்களில் கிளைஃபோசேட் களைக்கொல்லியின் எச்சம் இருப்பதாகச் சொல்லிப் பரபரப்பைக் கிளப்பியது. அந்த அளவால் ஆபத்து வர ஒரு நாளில் சுமார் 1,000 லிட்டர் பீர் குடிக்க வேண்டும் என்று அந்நாட்டு அரசு நிறுவனம் பதில் சொன்னது. ஆர்கானிக்கின் பலன் குடிப்பவரின் கல்லீரலை விட, வயலில் மருந்து அடிப்பவருக்கும் அந்த ஊர்க் கிணற்றுக்கும்தான் அதிகம்.

5 சதவீத ஆல்கஹால் உள்ள அரை லிட்டர் பீரில் சுமார் 20 கிராம் ஆல்கஹால் இருக்கிறது. கிராஃப்ட் பீர்களில் 7, 8 சதவீதம் போகும் வகைகளும் உண்டு. கிளாஸ் எண்ணிக்கையை மட்டும் பார்த்தால் ஏமாந்துவிடுவோம், சதவீதத்தையும் பார்க்க வேண்டும்.

தமிழகத்தில் இது கிடைக்குமா?

தமிழகத்தில் மதுபானச் சில்லறை விற்பனை 2003 நவம்பர் முதல் டாஸ்மாக் கையில். அங்கே கிடைப்பவை பெரும்பாலும் பெரிய ஆலைகளின் பாட்டில் பீர்கள். பெங்களூரு, புதுச்சேரி மாதிரி பப்பிலேயே தயாரித்து ஊற்றும் பழக்கம் இங்கே வேர்விடவில்லை. பெங்களூருவில் வாங்கி ஊருக்குக் கொண்டுவரலாம் என்று யோசிக்க வேண்டாம். அனுமதியில்லாமல் வெளிமாநில மது கொண்டுவருவது தமிழகச் சட்டப்படி குற்றம். தவிர, வடிகட்டாத, பாஸ்டரைஸ் செய்யாத கிராஃப்ட் பீர் குளிர்ச்சி விட்டால் சீக்கிரம் கெட்டுப்போகும்.

மதுவிலக்கு விஷயத்தில் குடியாத்தத்துக்கும் ஒரு பழைய கதை உண்டு. ராஜாஜி 1937-ல் சேலத்தில் மதுவிலக்கைத் தொடங்கினார். குடியாத்தம் அப்போது இருந்த வடஆற்காடு மாவட்டத்துக்கு அது 1939-ல் வந்தது. முதல்வரான காமராஜர் 1954 இடைத்தேர்தலில் இதே குடியாத்தத்தில் நின்று ஜெயித்தபோது மாநிலம் முழுக்க மதுவிலக்கு. 1971-க்குப் பிறகு விலக்குவதும் திரும்பக் கொண்டுவருவதுமாகப் போய், 1987 ஜனவரி 1 முதல் கள்ளுக்குத் தடை வந்தது. அது இன்றும் தொடர்கிறது.

ஒரு வேடிக்கை என்னவென்றால், தண்ணீர் சேர்க்காமல், ஈஸ்ட் வாங்கிப் போடாமல், தானாக நொதிக்கும் பானம் கள். கலப்படமில்லாத கள்ளில் இருக்கும் தண்ணீர் முழுக்க மரம் உறிஞ்சித் தந்தது. ஆர்கானிக் கணக்கில் எதையும் ஒதுக்கத் தேவையில்லை. பரதராமி தாண்டினால் ஆந்திரா, அங்கே கள் இறக்கச் சட்டம் இடம் தருகிறது. இங்கே தடை. தடை சரியா தவறா என்பது தனி விவாதம். அதில் கலப்படம், உடல்நலம், பனையேறிகளின் பிழைப்பு எல்லாமே வரும்.

முதல் முறை என்றால் எப்படி ருசிப்பது?

தமிழகத்தில் மது வாங்க, அருந்த 21 வயது ஆகியிருக்க வேண்டும். குடிக்காதவர்கள் தொடங்கக் காரணம் எதுவுமில்லை. எப்படியும் வெளியே போய் ஒரு கிளாஸ் எடுப்பவர்களுக்கு மட்டும் சில டிப்ஸ்:

முழு கிளாஸுக்குப் பதில் சாம்பிளர் கேளுங்கள். பல மைக்ரோ புரூவரிகளில் சின்னச் சின்ன கிளாஸில் நாலைந்து வகை தருவார்கள். லைட்டான வகையில் தொடங்கி கருப்புக்குப் போவது நல்லது. முதலிலேயே ஸ்டவுட் குடித்தால் பிறகு பில்ஸ்னர் பச்சைத்தண்ணி மாதிரி இருக்கும்.

ஐஸ் மாதிரி ஜில்லென்று குடித்தால் ருசி மறையும். வீட் பீரைச் சில நிமிடம் விட்டு முகர்ந்தால் வாழைப்பழ வாசமும் லவங்க வாசமும் தெரியும். அதில் வாழைப்பழமோ லவங்கமோ கிடையாது, இரண்டும் ஈஸ்ட்டின் வேலை.

காரச் சாப்பாட்டோடு ஐ.பி.ஏ. எடுத்தால் கசப்பு காரத்தை இன்னும் ஏற்றிவிடும். ஆம்பூர் பிரியாணி, கத்தரிக்காய் தொக்கு மாதிரி உணவுக்கு வீட் பீரோ மால்ட் இனிப்பு தூக்கலான வகையோ ஒத்துப்போகும். நடுநடுவே தண்ணீர் குடியுங்கள். வண்டி எடுக்கவே வேண்டாம். 100 மில்லி ரத்தத்தில் 30 மில்லிகிராம் ஆல்கஹால் தாண்டினாலே சட்டப்படி குற்றம், முதல் முறையே 10,000 ரூபாய் வரை அபராதமும் சிறையும் உண்டு.

'ஆர்கானிக்' என்று மெனுவில் இருந்தால் என்ன கேட்கலாம்?

மூன்று கேள்வி போதும்.

ஒன்று, சான்றிதழ் எதற்கு? மால்ட்டுக்கு மட்டுமா, ஹாப்ஸுக்கும் சேர்த்தா? 'நேச்சுரல்' என்று பதில் வந்தால், அந்த வார்த்தைக்குப் பின்னால் சான்றிதழ் எதுவும் இல்லை என்று புரிந்துகொள்ளலாம்.

இரண்டு, மூலப்பொருள் எங்கிருந்து? ஐரோப்பாவில் விளைந்த ஆர்கானிக் பார்லி கப்பலேறி வந்ததா, ராஜஸ்தான் பார்லியா, இல்லை கர்நாடக ராகியா?

மூன்று, தண்ணீர் எங்கிருந்து, ஒரு லிட்டர் பீருக்கு எத்தனை லிட்டர் செலவு, கழிவுநீர் எங்கே போகிறது? நல்ல புரூவர்களுக்கு இது பிடித்த சப்ஜெக்ட். தொட்டி கழுவிய தண்ணீரை மறுபடி பயன்படுத்துவது, மால்ட் சக்கையை மாட்டுத் தீவனத்துக்குக் கொடுப்பது என்று விவரமாகவே பேசுவார்கள். மூன்றாவது கேள்விக்குப் பதிலே இல்லாத இடத்தில் 'ஆர்கானிக்' என்ற வார்த்தைக்காக மட்டும் கூடுதல் காசு கொடுக்க வேண்டுமா என்று யோசிக்கலாம்.

பீருக்கு மட்டுமான கேள்வியும் இல்லை இது. ஷூ, ஜீன்ஸ், சாயம் போட்ட லுங்கி என எந்தப் பொருளின் லேபிளிலும் தண்ணீர் எழுதப்படுவதில்லை. அது எங்கே எழுதப்படுகிறது என்று பாலாற்றங்கரைக் கிணறுகளில் ஒரு வாளி இறைத்து வாயில் வைத்தவர்களுக்குத் தெரியும்.